கபிலரும் பறம்பின் தேறலும்

சங்கச் சான்றோருள், புலவர்களாலேயே மிகுதியும் போற்றப்பெற்றவர் கபிலர். புலவரைப் புலவர் புகழ்வது எளிதில் நிகழ்வதன்று. அஃது அன்றும் இன்றும் ஒன்றே. அவ்வாறிருக்க, நக்கீரர் அவருடைய சொல்லின் வாய்மையை அகப்பாட்டு ஒன்றின் இடையே நினைவுகூர்ந்து செல்கின்றார். மாறோக்கத்து நப்பசலையார் அவரை மாசு படியாத அறிவினையுடைய அந்தணர் என்று சுட்டி, அவர் பாடிய பின்னர்ப் பிறர் பாடுதற்கு இடமில்லை என்கின்றார். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறை, தன் வெற்றியைப் பாடுதற்குக் கபிலர் இன்று இருந்திலரே என ஏங்கியதாகப் பொருந்தில் இளங்கீரனார் பாடுகின்றார். இறந்துபட்ட புலவர் ஒருவரை அரசன் தேடுதலினும் பெரிய பரிசில் வேறென்ன உளது?

இத்துணைப் புகழுடையார்க்குத் தனி வரலாறு எழுதி வைத்தார் ஒருவருமிலர். பிறந்த ஊர் பாண்டிநாட்டுத் திருவாதவூர் என்பது வழிவழிச் செய்தி. அந்தணர் என்பதற்கு அவர் பாட்டே சான்று. சங்கத் தொகைகளுள் அவர் பெயரால் வழங்குவன 235 பாட்டுக்கள் என்று எண்ணுவர். அவற்றுட் குறிஞ்சிக்கலியை உள்ளடக்கிய கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதை நம் மாணவர் மறத்தலாகாது. இரண்டாண்டு கழித்துப் பத்துப்பாட்டும், 1894இற் புறநானூறும் உ. வே. சாமிநாதையரால் வெளிவந்தபோதுதான் கபிலரின் வாழ்வு நமக்கு ஒருவாறு புலனாயிற்று. இன்னா நாற்பது பாடிய கபிலரும், பதினோராந் திருமுறையிற் காணப்படும் கபிலதேவ நாயனாரும் பிற்காலத்தவர் என்பது என் துணிபு. முன்னவர், கள்ளுண்பவன் கூறும் காரியம் துன்பந் தருவதென்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுகின்றார். சங்கக் கபிலர் அப்பொருளை நோக்கிய நோக்கு வேறு. அந்நோக்கின் வழியே அவர் வாழ்வைச் சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றேன்.

நேயர் சிலர் இங்கே முகஞ் சுளித்தல் கூடும். தேறல், நறவு, மட்டு என்னுஞ் சொற்கள் வந்தவிடத்து நம் ஆசிரியர் பலர் குரலைத் தாழ்த்துவர். சிலர் தேன் என்று பொருள் சொல்லி அப்பாற் செல்வர். யானும் சைவ மரபில் வளர்ந்தவன். என் மிடற்றிற் கள் இறங்கியதில்லை. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதுவிப்பவன். ஆயினும் கபிலரின் தேறலைத் தேனாக்கிவிடுவதற்கு யான் உடன்படேன். அச்சொற்களை விலக்கினால், நண்பனை இழந்த அவர் துயரின் பெரும்பகுதியையும் உடன் விலக்கியவராவோம். எங்ஙனம் என்பதைக் காட்டுவேன்.

முதலிற் குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்பர். 261 அடி கொண்ட இப்பாட்டென்றால் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களே மாணவர்க்கு நினைவு வரும். தேர்வுக்கு அது போதும். அப்பூக்களைக் கடந்து சென்றால் பாறைச் சுனை ஒன்று வருகின்றது. சுனையிலே பழுத்த மிளகு உதிர்ந்து கிடக்கின்றது. மாமரத்தின் இனிய கனிகள் அதனுள் விழுகின்றன. தேனும் அதனோடு வந்து கலக்கின்றது. பலாப்பழம் முற்றிப் பிளந்து, நெகிழ்ந்த சுளை ஒழுகுகின்றது. எவரும் கைவைக்காமலே, எவரும் கருதாமலே அச்சுனைநீர் தேறலாய் விளைந்துவிடுகின்றது. நீர்தானே என்று அதனைப் பருகிய மயில், திருவிழாக் களத்திலே வாத்தியம் முழங்கக் கயிற்றின்மேல் ஆடுகின்ற மகளைப் போலத் தளர்ந்து நடக்கின்றது.

இது கற்பனையோ என ஐயுறுவார்க்குச் சொல்வேன்: இயற்கைநூல் இதனை அடிதோறும் உடன்படும். பழத்தோலின்மேல் மதுவம் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே படிந்திருக்கும். பழம் நசுங்கியதும் அது சாற்றிலுள்ள வெல்லப் பொருளை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் பிரித்து விடுகின்றது. இதனையே நொதித்தல் என்கின்றோம். இது நுண்ணுயிரின் செயலென்று லூயி பாஸ்டர் 1857 முதற் பல்லாண்டு உழைத்து நிலைநாட்டினார். 1878இலே அவர் தம் ஊராகிய ஆர்புவாவில் முந்திரிகைக் கொடிகள் சிலவற்றைப் பழம் முற்றுமுன்னரே கண்ணாடிக் கூடாரத்தால் மூடிக் காத்தார். மதுவம் வந்து படியாமையால் அப்பழச்சாறு நொதிக்கவில்லை. இனித் தேனைப் பார்ப்போம். நல்ல தேனில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கே நீர். அதனால் அது தானாக நொதிப்பதில்லை. நீரிற் கலந்து இளகினால் உடனே நொதிக்கத் தொடங்கும். ஆகவே சுனைநீர் வேண்டும், தேன் வேண்டும், தோலிலே மதுவம் தாங்கிய பழம் வேண்டும். கபிலர் மூன்றையும் ஒருங்கே வைத்தார். மேலைநாட்டுச் சிற்றூரார் வேலியோரத்துக் காட்டுப்பழங்களைப் பறித்து நசுக்கி, நீருஞ் சீனியுங் கூட்டி, மூடிவைத்து வீட்டு மது ஆக்குகின்ற முறை இதனின் வேறன்று; சீனி நின்ற இடத்திலே தேன் நிற்கின்றது, அவ்வளவே. மிளகு எதற்கு என்று கேட்கலாம். சேரனின் முசிறித் துறையில் மிளகு ஏற்றிச் சென்ற உரோமர், தேனும் மிளகுமிட்டு மணமூட்டிய மதுவை விரும்பிப் பருகியவர் என்பதை நினைத்துக்கொள்க.

எங்கள் புளியங்கூடல் தீவகத்தது. இங்குக் குன்றில்லை, சுனையில்லை. நாவலும் ஈச்சும் இலந்தையும் சிறுவர் பறித்துத் தின்னும் பழங்கள். ஆயினும் இப்பகுதியைக் கற்பித்தல் எனக்கு அரிதாகத் தோன்றியதில்லை. பனை நிற்கும் ஊரில் நொதித்தலை விளக்கப் புத்தகம் எதற்கு? பாளையிலிருந்து வடியும் நீரை வெறும் முட்டியில் ஏற்றால், மதுவம் புகுந்து அது கள்ளாகின்றது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால், காரம் மதுவத்தை அடக்கிவிட, அது கருப்பநீராய் இனித்துப் பின்னர்ப் பனங்கட்டியாகின்றது. ஒரே பாளை, ஒரே நீர். இடையே ஒரு விரல் சுண்ணாம்பு. சீவல் தொழிலறிந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதனை எனக்குமுன் அறிந்தவர்கள். உரையாசிரியர் விளக்காது விட்டதை வகுப்பிலே அவர்கள் விளக்கக் கேட்டிருக்கின்றேன்.

சொற்களையும் சிறிது நோக்குக. தெளிந்தது தேறல். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டையும், துயருற்றாரைத் தேற்றுதலும் ஒரு வேரின. அரித்தெடுப்பது அரியல்; பிழிந்தெடுப்பது பிழி; நறுமணமுடையது நறவு; வீட்டில் ஆக்கியதைத் தோப்பி என்று பெரும்பாணாற்றுப்படை சொல்லும். தொழிலின் படிகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்த மக்கள் நம் முன்னோர்.

இனிப் பாரிக்கு வருவோம். பறம்புமலைக்குத் தலைவன் வேள் பாரி; அம்மலை இன்று சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பர். முல்லைக்குத் தேர் ஈந்தவன் என்று குழந்தையும் அறியும். கபிலர் அவனுக்குப் பரிசில் பெற வந்த பலருள் ஒருவராக நின்றுவிடவில்லை. தோழரானார், அவைக்களத்து அறிவுரை சொல்பவருமானார். பாரியின் கொடையைப் பொறாத மூவேந்தரும் ஒருங்கு வந்து மலையை வளைத்துக்கொண்டனர். அப்போது கபிலர் அவர்களை நோக்கிச் சொன்ன விடை புறநானூற்றில் உள்ளது. இம்மலையில் உழவர் உழாதன நான்கு பயன் உள. மூங்கிலின் நெல், பலாவின் பழம், வள்ளியின் கிழங்கு, குன்றின்மேற் சொரியுந் தேன். நீங்கள் எத்துணைக் காலம் வளைத்து நின்றாலும் இவனைப் பசி வெல்லாது. பாடுநராகவும் ஆடுநராகவும் வந்தால் நாட்டையும் குன்றையும் தானே தருவான் என்றார். முந்நூறு ஊரும் முன்னரே இரவலர் பெற்றுக்கொண்டனர், எஞ்சியிருப்பவை பாரியும் யாமும் மலையுமே என்று மற்றொரு பாட்டிற் பகடி செய்கின்றார். முற்றுகையின்போது பறவைகள் வெளியே சென்று நெற்கதிர் கொணர்ந்த செய்தியை ஒளவையார் பாடுகின்றார். அக்காலத்துக் கபிலரின் சூழ்ச்சித்திறனை நக்கீரர் குறிக்கின்றார்.

அந்நான்கு பயனுள் இரண்டைத் தனியே எடுத்துப் பாருங்கள். பலாவும் தேனும். குறிஞ்சிப்பாட்டின் சுனையிலே தேறலாய் விளைந்தவை இவ்விரண்டுமே அல்லவா? உழாமற் கிடைத்த உணவே சமைக்காமற் கிடைத்த மதுவுமாயிற்று. குறிஞ்சிப்பாட்டின் மலைக்குக் கபிலர் பெயர் சூட்டவில்லை. எனினும் அவர் கண்ணில் நின்ற மலை பறம்பே என்று யான் கருதுவேன்.

பாரி இறந்தான். வஞ்சனையாற் கொல்லப்பட்டான் என்பது வழிவழிச் செய்தி. அவன் மகளிர் இருவரையும் உடன்கொண்டு கபிலர் மலையை விட்டு இறங்கினார். அப்போது அவர் பாடிய பாட்டுக்களே அவர் வாழ்வின் நடுப்பகுதி. யான் முன்னர்ச் சொல்லியதும் இவற்றைக் கருதியே. ஒரு பாட்டிலே பறம்பை நோக்கி விடை கேட்கின்றார். மதுச்சாடியின் வாயைத் திறப்பதும், ஆட்டுக்கிடாயை அடுவதும், வேண்டுமளவு சோறு தருவதுமாய் முன்பு எம்மோடு நட்புச் செய்தாய். இன்று பாரி மாய்ந்தான். இம்மகளிர்க்குக் கணவரைத் தேடி, கண்ணீர் வார உன்னைத் தொழுது போகின்றோம் என்கின்றார். அடுத்த பாட்டிற் சிறிது தொலைவு சென்று திரும்பிப் பார்க்கின்றார். இங்கே நின்றாலும் மலை தெரிகின்றது, இன்னுஞ் சிறிது சென்றாலும் தெரியும் என்று மகளிர்க்குச் சொல்லும்போது அவர் நினைவுக்கு வருவது யாது? பாரியின் முடியன்று, படையன்று. முன்றிலிலே நறவு பிழிந்து எறிந்த கோது. யானை மென்று உமிழ்ந்த கவளம் போலச் சிதறிக் கிடக்கும் அச்சக்கையிலிருந்து மது கசிந்து ஒழுகுகின்ற முற்றம். எதனைப் பிழிந்த கோது என்று அவர் சொல்லவில்லை. நார் மிகுந்த சக்கையே யானைக் கவளத்தை ஒக்குமாதலின் பலாச்சுளையாதல் கூடும் என்பது என் ஊகம்.

மூன்றாவது பாட்டு இன்னும் சிறிது. மலையின் ஒரு பக்கம் அருவி முழங்குகின்றது. மறுபக்கம், பாணரின் மண்டையிலே நிறைய வார்த்தற்கு வடித்தபோது வழிந்த தேறல், கற்களை அலைத்துக்கொண்டு ஓடுகின்றது. அருவிக்கு ஈடாய்த் தேறல் ஓடியதென்பது மிகைதான். ஆயினும் அம்மிகையிலே தொழில் நுணுக்கம் இருக்கின்றது; வடிப்பவன் கைதவறி வழியவிடுவது நிறைந்த வீட்டில் மட்டுமே நிகழும். வேறொரு பாட்டில் அந்நாட்டின் குடிமக்களை நினைக்கின்றார். செம்மண் கொல்லையில் விளைந்தவற்றைச் சொல்லி வரும்போது, நிலத்துட் புதைத்து முதிரவைத்த தேறலைப் புல்வேய்ந்த குடிசைதோறும் பகிர்ந்துகொள்வர் என்கின்றார். நிலத்தடியில் வெயிலும் குளிரும் மிகாமையால் நொதித்தல் சீராக நடக்கும். கருங்கடற் கரையிலுள்ள சோர்சியா நாட்டார் பெரிய மட்சாடிகளை நிலத்திற் புதைத்து முந்திரிகை மது விளைவிக்கும் முறையை 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது. பறம்பின் குறவர் அதனை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அறிந்திருந்தனர். திருமுருகாற்றுப்படையிலோ மூங்கிற் குழாயில் விளைந்த தேறல் வருகின்றது. ஒவ்வொரு மலையும் தனக்குக் கிடைத்த கலத்தைப் பயன்கொண்டது போலும்.

சாடியின் வாய், சக்கை, வழிந்த தேறல், புதைத்த கலம். ஒருவன் வீட்டுக்குள் அடுக்களை வரை சென்று பழகியவர்க்கே இவை நினைவில் நிற்கும். விருந்தினராக முன்றிலில் இருந்து எழுந்து போனவர்க்கு நில்லா. இவற்றைத் தேன் என்று மாற்றிப் படித்தால் கோதும் இல்லை, வடித்தலும் இல்லை, புதைத்தலும் இல்லை. அந்த வீடே இல்லை.

மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடம் சென்றார். பின்னர் இருங்கோவேளிடம் சென்றார். இவர்கள் பாரியின் மகளிர், யான் இவர் தந்தையின் தோழன், அந்தணன், யான் தர நீ கொள்க என்று நிமிர்ந்து நின்று சொன்னார். இருங்கோவேள் இகழ்ந்து மறுத்தான். கபிலர் சினத்தை அடக்காமல், கழாத்தலையார் என்னும் புலவரை இகழ்ந்தமையால் அவன் முன்னோரின் அரையம் என்னும் நகர் அழிந்த கதையை நினைவூட்டிவிட்டு அகன்றார். தந்தையற்ற பெண்கள் இருவரை உடன்வைத்துக்கொண்டு ஊரூராய்ச் செல்லும் முதியவருக்கு இத்துணைத் துணிவு எங்கிருந்து வந்தது என்று படிக்குந்தோறும் வியப்பேன்.

சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திற் பாடினார். அங்கும் முதற்பாட்டிலேயே, பாரி போய்விட்டான், அதற்காக உன்னிடம் இரக்க வந்தேனல்லேன் என்று தொடங்கிவிடுகின்றார். அவன் நூறாயிரங் காணமும், நன்றா என்னும் குன்றேறி நின்று கண்ணிற் கண்ட நாடெல்லாமும் கொடுத்தான் என்று பதிகம் கூறும். அவ்வரசன் கபிலரின் கையைப் பற்றி, மிக மெல்லியதாயுள்ளதே என்றபோது, ஊனும் சோறும் உண்டு வருந்துதலன்றி வேறு தொழில் அறியாத கை என்று நகைத்தார். மனைவியைப் பிரிந்து வாழ்ந்த பேகனுக்கு அவள் பொருட்டு இரங்கிப் பாடியவருள்ளும் இவர் ஒருவர்.

மலையமான் திருமுடிக்காரியைப் பாடியது நம் பொருளுக்கு இன்றியமையாதது. கொடுத்தல் எளிது, வந்தவரின் வரிசை அறிதலே அரிது என்று ஒரு பாட்டில் அவனை எச்சரிக்கின்றார். மற்றொன்றிற் சொல்வது இது: காலையிலேயே கள்ளுண்டு களித்திருக்கையில் தேர் கொடுப்பது எவர்க்கும் எளிது; மலையன் மது மயக்கமின்றிக் கொடுத்த தேர்களோ, முள்ளூர் மலையிற் பெய்த மழைத்துளியினும் பல. பாரியின் மதுச்சாடிகளை நினைத்து அழுத அதே புலவர்தான் இதனைச் சொல்கின்றார். இரண்டும் முரணாகா. பாரியின் வீட்டுத் தேறல் பாணருடைய மண்டையில் வார்க்கப்பட்டது. எந்தப் பாட்டிலும் பாரி மயங்கியதாகக் கபிலர் பாடவில்லை. சுனையருகே தளர்ந்ததும் மயில்தான், அதுவும் நீரென்று கருதி அருந்தியது. கள்ளுண்ணாமையை விரித்துரைக்கும் ஆசிரியர் இப்புறப்பாட்டையும் உடன்வைத்துக் கற்பித்தால் மாணவர்க்கு இரண்டும் தெளியும்.

மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்தபின் கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்று புறநானூற்றுக் குறிப்புக் கூறுகின்றது. திருக்கோவலூர் வீரட்டானக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுப் பெண்ணையாற்றங்கண் தீப்புகுந்தார் என்கின்றது. அவ்வாற்றினுள் நிற்கும் பாறையொன்றைக் கபிலர்கல் என்பர். கல்வெட்டுச் சங்க காலத்துக்குப் பன்னூறாண்டு பிற்பட்டது. அவருடைய இறுதிப் பாட்டிலும் தீயைப் பற்றிய பேச்சில்லை. ஆதலின் வடக்கிருத்தலையே யான் கொள்வேன்.

அவ்விறுதிப் பாட்டும் பழத்திலேயே தொடங்குகின்றது. குரங்கு கிழித்துண்ட பலாப்பழம், முழவு போலப் பெரியது, வில்லேந்திய குறவர்க்குச் சில நாள் வைத்துண்ணும் உணவாகின்ற மலைநாட்டுத் தலைவனே என்று இறந்த பாரியை விளிக்கின்றார். இங்கே பலா உணவாகவே நின்றுவிடுகின்றது. சாடி திறப்பாரில்லை, வடிப்பாரில்லை. உன்னோடு வரவொட்டாமல் என்னை இருக்கச் செய்து போனாயே, நம் நட்புக்கு இது பொருந்துமோ, என்னை வெறுத்தாய் போலும் என்று ஊடுகின்றார். பின்னர் ஊழை நோக்கி, இம்மையிற் போல மறுமையிலும் எங்களை ஒருங்கு கூட்டி வைப்பாயாக என்று வேண்டி நிறுத்துகின்றார்.